இரண்டு சுற்றுக்கு மேல் போகாத போல்ட்

போல்ட் நட்டுக்குள் இரண்டு சுற்று போனது. அதற்கு மேல் ஒரு நூலளவும் போகமாட்டேன் என்று நின்றுவிட்டது. சரி, வேண்டாம், வெளியேயாவது வந்து தொலை என்று திருப்பினால், அதற்கும் மாட்டேன் என்றது.

தையலக்கா கழுத்தில் கிடந்த அளவு டேப்பைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டாள். நட்டை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். முழங்கால்தான் திரும்பியது.

"அக்கா, என் கோட்டு?"

வாசலில் கணக்கு டீச்சர் நின்றிருந்தார்.

"ஆயிடுச்சு டீச்சர். கை மட்டும்தான் பாக்கி."

"போன வாரமும் கை மட்டும்தான் பாக்கின்னீங்க."

"போன வாரம் சொன்னது இடது கை. இது வலது கை."

டீச்சர் அவள் முழங்காலுக்கு நடுவே இருந்த இரும்பைப் பார்த்தார். "அது என்னக்கா? பட்டனா?"

"பட்டன் இல்ல டீச்சர். போல்ட்டு."

"கோட்டுக்கா?"

"கோட்டுக்கு எதுக்கு டீச்சர் போல்ட்டு? நீங்க வெள்ளிக்கிழமை வாங்க. கண்டிப்பா முடிச்சுடறேன்."

டீச்சர் போன பிறகு தையலக்கா பெருமூச்சு விட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் கோட்டை முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் போல்ட்டை முடிக்க வேண்டும். முடியாவிட்டால், கோட்டுக்கு டீச்சர் திட்டுவதோடு போகும். போல்ட்டுக்கு லேத்தே போய்விடும்.

அந்த வீட்டில் முன்பு இரண்டு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. முன்னறையில் அவளுடைய தையல் மிஷின். பின்பக்கத் தகரக் கொட்டகையில் அவள் புருஷனுடைய லேத், இரும்பு கடைகிற மிஷின். பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. தெருவுக்கே அவர் டர்னர்தான். பகலெல்லாம் ஒரு பட்டறையில் இரும்பு கடைந்துவிட்டு வருவார். டீ குடித்த கையோடு கொட்டகைக்குள் போய் மறுபடியும் இரும்பு கடைவார். "பட்டறையில கடைஞ்சது போதாதா?" என்று கேட்டால், "அது சம்பளத்துக்கு, இது எனக்கு" என்பார்.

சாயங்காலங்களில் இரண்டு மிஷினும் சேர்ந்து ஓடும். முன்னால் கடகட. பின்னால் கொர்ர். அவளுடையது திடீரென்று நின்றால், கொட்டகையிலிருந்து குரல் வரும்.

"என்ன, நூல் அறுந்துதா?"

அவருடையது நின்றால் இவள் கேட்பாள்.

"என்ன, டூல் ஒடிஞ்சுதா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டதில் பாதி இந்த இரண்டு கேள்விதான். மீதிப் பாதி, "சாப்பாடு ஆறுது, வாங்க."

அவர் போனபிறகு தையல் மிஷின் மட்டும் ஓடியது. அது நின்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த ஒரு கணம் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருக்கும். அதற்காகவே நூல் அறுந்தால்கூட சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருப்பாள்.

இந்த நிலையில்தான் கொழுந்தனார் ஒரு கார் வாங்கினார்.

கொழுந்தனார் கெட்டவர் இல்லை. பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார், அவசரத்துக்கு ஓடி வருகிறவர். ஆனால் காருக்கு நிழல் இல்லை. மரத்தடியில் நிறுத்தினால் காக்கை எச்சம், வெளியே நிறுத்தினால் வெயில். கொட்டகை இரண்டு வீட்டுக்கும் பொது.

"அண்ணி, பெத்த பிள்ளையை வெயில்ல நிறுத்தி வச்ச மாதிரி இருக்கு எனக்கு."

"பெத்த பிள்ளைக்குக் குடை பிடிங்க."

"விளையாடாதீங்க அண்ணி. யாரும் ஓட்டாத மிஷின் எதுக்கு? துரு பிடிச்சு வீணாப் போறதுக்கு, ஓட்டறவங்க யாராவது எடுத்துட்டுப் போகட்டுமே. அண்ணன் ஆத்மா கூட சந்தோஷப்படும்."

"யார் சொன்னா யாரும் ஓட்டலேன்னு? நான் ஓட்டப்போறேன்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. லேத்தில் அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: அணைப்பது. சாப்பாடு ஆறும்போதெல்லாம் போய் சுவிட்சை அணைத்துவிட்டு வருவாள்.

கொழுந்தனார் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, லேத்தின் இழுப்பறையைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"அண்ணி, அண்ணன் உயிரா வச்சிருந்த நட்டு இது. இதுக்கு ஒரு போல்ட்டு செஞ்சு மாட்டிக் காட்டுங்க. லேத் இங்கேயே இருக்கட்டும். என் காருக்கு நான் தென்னங்கீத்து போட்டுக்கறேன். மாட்ட முடியலேன்னா ஞாயித்துக்கிழமை வண்டி வரும். சம்மதமா?"

"சம்மதம்."

அந்த நட்டைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். டம்ளர் உயரம் இருக்கும். நடுவில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. உள்ளே இருட்டில் மரை சுற்றிச் சுற்றி இறங்கும். வெளிப்பக்கம் மூஞ்சி பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. கல்யாணத்துக்கு முன்னால் அவர் முதன்முதலாக அவளைப் பார்க்க வந்தபோது, அவள் தான் பூத்தையல் போட்ட கைக்குட்டையைக் காட்டினாள். "நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். அவருக்கு வேர்த்துப்போனது. பாக்கெட்டில் கையை விட்டுத் துழாவி இந்த நட்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இது நான் செஞ்சது."

"நல்லா இருக்கே. இதுக்கு ஜோடி எங்க?"

"ஜோடி இனிமேதான்."

அவள் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே ஓடிப்போனாள். அத்தனை வருஷத்தில் அவர் அந்த நட்டைத் தொட வேறு யாரையும் விட்டதில்லை. பூட்டிய அறையில் வைத்த பொன் மாதிரி வைத்திருந்தார்.

சரி, ஆழம் தெரியாமல் காலை விட்டாகிவிட்டது.

முதல் நாள் அவள் இரும்புத் தடியை லேத்தின் சக்கில், கவ்விப் பிடிக்கிற அதன் பற்களுக்கு நடுவே மாட்டி, சுவிட்சைப் போட்டு, இரும்பைச் சீவுகிற டூலைக் கொண்டுபோய் ஒரே அழுத்தாக அழுத்தினாள். தெருநாய் வாலை மிதித்தது போல ஒரு சத்தம். மிஷின் உதறியது. டூலின் மூக்கு உடைந்து எங்கேயோ தெறித்தது. அவள் சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். கொட்டகை அமைதியாக இருந்தது.

"என்ன, டூல் ஒடிஞ்சுதா?" என்று அவளே கேட்டாள்.

"ஆமா, ஒடிஞ்சுடுச்சு" என்று அவளே பதிலும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது டூலை மாட்டினாள்.

டூலை மெல்ல மெல்லக் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது நாள் புரிந்தது. துணியை மிஷினுக்குள் தள்ளக்கூடாது, மிஷின் இழுத்துக்கொள்ளுமளவுக்குத்தான் விட வேண்டும் இல்லையா? அதே கணக்குத்தான். அப்படிக் கொடுத்தால் இரும்பு சுருள் சுருளாக உரிந்து வந்தது. சூடான எண்ணெய் வாசனையும் வந்தது. அவர் சட்டையின் வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசனை என்று அவள் வருஷக்கணக்காகத் திட்டிய வாசனை. அன்றைக்குத் தேவையே இல்லாமல் இன்னும் இரண்டு தடியைக் கடைந்தாள்.

அளவு எடுக்கும்போதுதான் மகள் வந்தாள். வங்கியில் வேலை பார்க்கிற பெண். கைப்பையைக்கூட இறக்காமல் கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள்.

"அம்மா, என்ன பண்றே? போல்ட்டுக்கு இடுப்பளவு எடுக்கறியா?"

தையலக்கா தடியைச் சுற்றி டேப்பைப் பிடித்திருந்தாள். "உருண்டையா இருக்கறதுக்கு வேற எப்படிடி எடுப்பாங்க?"

"சரி, இந்த அளவு நட்டைவிடப் பெரிசா இருக்கே?"

"கொஞ்சம் தாராளமா விட்டிருக்கேன். பின்னால பிடிச்சுக்கலாம்ல."

"இதென்ன பாவாடையாம்மா, தையலுக்கு விடறதுக்கு?"

தையலுக்கு விட்ட போல்ட், நட்டின் வாயிலேயே நின்றது. சரி என்று பிடித்தாள். கடைந்து கடைந்து, அளவு சரியாக வந்ததும் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனாள். வந்து போட்டுப் பார்த்தால் போல்ட் நட்டுக்குள் தொளதொளவென்று ஆடியது.

"சூடா இருக்கும்போது அளந்திருப்பே. ஆறினதும் சுருங்கியிருக்கும்" என்றாள் மகள்.

"துணி நனைஞ்சா சுருங்குது. இரும்பு ஆறினா சுருங்குது. ரெண்டுக்கும் ஒரே புத்தி. தெரிஞ்சிருந்தா உங்கப்பாகிட்ட இன்னும் நல்லாப் பேசியிருப்பேன்."

மரை வெட்டுவது அடுத்த கூத்து. அதற்கென்று ஒரு பிடி உண்டு. அதைப் போட்டால் டூல் தானாக நகர்ந்து தடியில் சுற்றுக்கோடு போடும். முதல் தடவை வெட்டிய மரை பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நட்டில் வைத்து வலது பக்கம் திருகத் திருக, உள்ளே போகாமல் வெளியே தள்ளியது. ஏதோ ஒரு கைப்பிடி தலைகீழாக இருந்திருக்கிறது. உலகத்துக்கே இடது கைப் பழக்கம் வந்தால்தான் அந்த போல்ட் உதவும். அதைத் துணி வெட்டும்போது பறக்காமல் இருக்கப் பாரமாக வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது போல்ட்டில் மரை மேல் மரை விழுந்தது. ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் வெட்ட முடியாது, பல தடவை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் டூல் பழைய கோட்டிலேயே போக வேண்டும். பிடியை நேரம் தப்பிப் போட்டால், பழைய கோட்டுக்கு நடுவே புதுக் கோடு விழுந்து எல்லாம் பாழ். பிரித்த தையல் மேலேயே கோணலாகத் தையல் போட்ட மாதிரி.

இதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்தப் பிடிக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரம் போல ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு. எதிரே இன்னொரு கோடு. இரண்டு கோடும் சந்திக்கும் கணத்தில் பிடியைப் போடுவாள். சட்டையில் கட்டத்துக்குக் கட்டம் பொருத்துகிறவளுக்கு இது பெரிய வேலையா?

அடுத்த போல்ட் அச்சில் வார்த்தது போல வந்தது. விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது. மகள் கையில் வாங்கிப் பார்த்து, "அம்மா, இது கடையில வாங்கினதுன்னு சொன்னாக்கூட நம்புவாங்க" என்றாள்.

நட்டில் வைத்துத் திருகினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. நின்றது.

ஒரு மயிரிழை குறைத்தாள். இரண்டு சுற்று. இன்னொரு மயிரிழை. இரண்டு சுற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கட்டைவிரல் தடிமனில் தொடங்கிய போல்ட் சுண்டுவிரலுக்கு வந்து, ஒரு சாயங்காலம் கிணற்றில் விழுந்த கல் போல நட்டுக்குள் விழுந்து அந்தப் பக்கம் வெளியே வந்து அவள் கால் விரலிலும் விழுந்தது. ஒன்று சிக்கும், இல்லையென்றால் விழும். நடுவில் ஒரு நிலைமையே இல்லை.

"ஏம்மா, ஒருவேளை நட்டுல ஏதாவது..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"வாயை மூடு. உங்கப்பா கைவேலையைக் குறை சொல்றியா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்!"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த போல்ட்டை அவள் ஆத்திரத்தோடு திருகினாள். அதுதான் டீச்சர் வந்தபோது உள்ளே போய், வெளியே வராமல் சிக்கிக்கொண்ட போல்ட்.

எண்ணெய் விட்டுப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நட்டின் மேல் வைத்துச் சூடாக்கிப் பார்த்தாள். பிறகு குளிர்பெட்டியில் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மறுநாள் டீயில் எண்ணெய் வாசனை அடித்தது, போல்ட் அசையவில்லை.

நட்டை சக்கில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போல்ட்டை ஸ்பேனரால் திருப்பினால் வந்துவிடும். ஆனால் சக்கின் பல் அவர் செய்த பளபளப்பில் பதிந்துவிடுமே? நட்டுக்கு ஏதாவது தடித்த துணியைச் சுற்ற வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் தடித்த துணி ஒன்றுதான் இருந்தது.

சுற்றி, இறுக்கி, திருப்பினாள். போல்ட் 'டக்'கென்று வெளியே வந்தது. நட்டில் ஒரு கீறல் இல்லை. ஆனால் டீச்சர் கோட்டின் வலது கையில் சக்கின் பல் தடம் ஆழமாகப் பதிந்து, அதைச் சுற்றிலும் எண்ணெய்க் கறை, நாய் கடித்துத் துப்பியது போல இருந்தது.

பரவாயில்லை, கை முனையில்தானே என்று அந்தப் பகுதியை வெட்டினாள். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. முக்கால் கைதானே இப்போது எல்லோரும் போடுகிறார்கள்! இடது கையையும் அதே அளவுக்கு வெட்ட வேண்டும். மேஜையில் சாக்பீஸால் எழுதியிருந்த அளவைப் பார்த்து வெட்டினாள். வெட்டிய பிறகுதான் தெரிந்தது, அது கோட்டு அளவு இல்லை, போல்ட் அளவு.

வெள்ளிக்கிழமை டீச்சர் கோட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அக்கா, கை எங்க?"

"கையில்லாத கோட்டுதான் டீச்சர் இப்ப புதுசு. காத்தோட்டமா இருக்கும்."

"நான் குளிருதுன்னுதானே கோட்டு தைக்கக் குடுத்தேன்?"

"உள்ள கையுள்ள சட்டை போட்டுக்குங்க."

"அடுத்த வெள்ளிக்கிழமை வந்திருந்தா கைக்குட்டையா குடுத்திருப்பீங்க போல" என்று சொல்லிவிட்டு, கணக்கு டீச்சர் கோபத்தோடு போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பினார். "இடுப்பு மட்டும் நல்லா உட்கார்ந்திருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டபடியே போய்விட்டார்.

சனிக்கிழமை தையலக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தன் மரையே கோணலோ? சரிபார்க்க வேண்டுமானால் ஒரு நட்டு வேண்டும். அவளே ஒரு நட்டு கடைந்தாள். உள்மரை வெட்டுவது குருட்டு வேலை. டூல் உள்ளே என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டே வாழ்ந்தவள். எந்தச் சத்தம் நல்ல சத்தம் என்று அவள் காதுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த நட்டில் அவள் போல்ட்டுகள் எல்லாம் வெண்ணெயில் கத்தி போல இறங்கின.

அவள் சந்தோஷப்பட்டது கொஞ்ச நேரம்தான். கொழுந்தனார் தென்னங்கீற்று விலை விசாரித்துவிட்டுப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணி, உங்க போல்ட்டு உங்க நட்டுல போகுது. சரி. ஆனா அண்ணன் நட்டுல போகலை. அப்ப என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"போல்ட்டும் தப்பு, நட்டும் தப்பு. தப்புக்குத் தப்பு ஜோடி சேர்ந்திருக்கு. எங்க வீட்டுல நானும் என் பொண்டாட்டியும் இல்லையா? அந்த மாதிரி."

அவளுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. தன் டேப்பே சரியில்லாமல் இருந்து, அதை வைத்துச் சட்டையும் தைத்து, பட்டனும் வைத்தால் பொருந்தத்தானே செய்யும்? ஆனால் ஆள் போட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

அன்று சாயங்காலம் கடைசியாக ஒரு போல்ட் கடைந்தாள். இதுவரை செய்த எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது. நட்டில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு திருகினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

"தோத்துட்டேங்க" என்று லேத்தைப் பார்த்துச் சொன்னாள். "உங்க அளவுக்கு என்னால வர முடியலை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வந்தது. கூடவே, லேத்தைத் தரையிலிருந்து கழற்ற ஒரு ஆளும் வந்தார். டர்னரோடு ஒரே பட்டறையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஃபிட்டர். இந்த லேத்தை அன்று தரையில் மாட்டிக் கொடுத்ததும் அவர்தான், அதனால் கழற்றவும் அவரையே கொழுந்தனார் கூப்பிட்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பையில் ஸ்பேனர்கள் குலுங்கின.

"தங்கச்சி, நல்லா இருக்கியா? இது இல்லாம கொட்டகை வெறிச்சுனு ஆயிடுமே."

"கார் வருதுண்ணே" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஃபிட்டர் குனிந்து, லேத்தைத் தரையோடு பிடித்திருந்த முதல் போல்ட்டைத் தளர்த்தினார். இரண்டாவதைத் தளர்த்த உட்கார்ந்தவர், பலகையின் மேல் வரிசையாகக் கிடந்த போல்ட்டுகளைப் பார்த்து எழுந்தார். ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் மரையை நிரடினார். பக்கத்தில் கிடந்த அவளுடைய நட்டை எடுத்து அதில் வைத்து ஒரு விரலால் தட்டிவிட்டார். நட்டு சிரித்துக்கொண்டே ஓடுவது போலச் சுற்றிச் சுற்றி அடி வரை இறங்கியது.

"இதெல்லாம் யார் செஞ்சது?"

"நான்தாண்ணே."

"நீயா? யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லண்ணே. கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கிட்டேன்."

"அட! பின்ன எதுக்கு லேத்தைக் குடுக்கறே?"

கொழுந்தனார் நடுவில் வந்தார். "அதெல்லாம் பார்க்க நல்லாத்தான் இருக்கும். அண்ணன் செஞ்ச நட்டுல போட்டா ரெண்டு சுத்துக்கு மேல போகாது. பந்தயம் போட்டு அண்ணி தோத்துட்டாங்க. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"டர்னர் செஞ்ச நட்டா? எங்க, காட்டு."

தையலக்கா எண்ணெய்த் துணியைப் பிரித்து, இரண்டு கையாலும் நட்டை எடுத்து நீட்டினாள். ஃபிட்டர் வாங்கினார். ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் லேத்தின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே? என் போல்ட்டுல என்ன தப்பு?"

ஃபிட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தளர்த்திய முதல் போல்ட்டை மறுபடியும் இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"உன் போல்ட்டுல ஒரு தப்பும் இல்ல தங்கச்சி, இது அவன் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, உள்ள மரை மேல மரை விழுந்து கெட்டுப்போன முதல் நட்டு, உன்கிட்ட பெருமையா காட்டித் தொலைச்சுட்டானேன்னு, உனக்குத் தெரியாம இதுக்கு எப்படியாவது ஒரு போல்ட்டு மாட்டிடணும்னுதான் இந்த லேத்தையே வாங்கி சாகற வரைக்கும் தினம் சாயங்காலம் கடைஞ்சுக்கிட்டிருந்தான் — அவனுக்கும் ரெண்டு சுத்துதான் போச்சு!"